துணைக்கு விட்டது

"அதைக் கொண்டுபோய் இதுகூட ஏன் விட்டீங்க?"

"கத்தாதடி, சாப்பிடுது பாரு..."

"முதல்ல வெளிய எடுங்க!"

"பதினோரு நாளா வாயத் தொறக்காதது புழு திங்குதுங்கிறேன், நீ என்னமோ..."

வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அரை நாளில் திரும்பிவிட்ட எமல்டா தோள்பையைக் கூடக் கழற்றவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள், அவர்கள் வளர்க்கும் இரண்டு சிறுத்தைப்பல்லிகளில் நோயாளியும் நல்லதும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குடலில் ஒட்டுண்ணி, மருந்தில்லை, மற்றதையாவது பிரித்து வைத்துக் காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து தொட்டி வேறு, இடுக்கி வேறு, தண்ணீர்க் கிண்ணம் வேறு. சோப்புப் போட்டுப் போட்டு அவள் கையில் தோல் உரிந்திருந்தது.

"தனியாப் போட்டா ஏங்கியே செத்துடும் எமல்டா. துணை இருந்தா திங்கும்னு எனக்குத் தெரியும்." கணவன் சூசையின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "தெனம் நீ கெளம்பினதும் விட்டுருவேன். இன்னைக்குத்தான் பலிச்சுது."

தன் கையிலிருந்து தொற்றிவிடுமோ என்று இத்தனை நாள் தொடாமலே இருந்த நல்லதை அவள் உள்ளங்கையில் ஏந்தினாள். முன்பு கட்டைவிரல் பருமன் இருந்த அதன் வாலிலும், நோயாளியின் வாலைப் போலவே, எலும்பு தட்டுப்பட்டது.

"தெனமும்னா, எத்தனை நாளாங்க?"