மாற்றுப் பெயர்

பெண்களின் செய்திகளை மட்டும் வெளியிடும் அந்தச் சிறிய தொண்டு நிறுவனத்தில், பயிற்சிக்கு வந்த தேன்மொழிக்குக் கொடுத்த வேலை பெயர் மாற்றுவது. அடிபட்டவள், துரத்தப்பட்டவள், எரிக்கப்பட்டவள் எல்லோருக்கும் வேறு பெயர் வைக்க வேண்டும். ஒருமுறை வைத்த பெயரை மறுபடி வைக்கக் கூடாது. பள்ளித் தோழிகள், பக்கத்து வீட்டுக்காரிகள் என்று தெரிந்த பெயரெல்லாம் நாலே மாதத்தில் தீர்ந்துபோயின. கணவன் இஸ்திரிப்பெட்டியால் கையில் சூடு வைத்த ஒருத்திக்கு, அவசரத்தில் தன் அக்காவின் பெயரை வைத்துவிட்டாள். பூங்கோதை.

செய்தி வெளியான மறுநாள் மத்தியானம் அக்காவே போன் செய்தாள். பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது குரல்.

"யாருடி சொன்னா உனக்கு? அம்மாகிட்டகூட நான் வாயத் திறக்கலையே."

சித்திரை வெயிலிலும் அக்கா முழுக்கை ரவிக்கையோடு வந்துபோனது அப்போதுதான் தேன்மொழிக்கு உறைத்தது.

"அக்கா, அது வேற யாரோ. பேரு மட்டுந்தான் உன்னோடது."

"அத அவர்கிட்ட சொல்லு. பக்கத்துலதான் இருக்காரு."

போன் கைமாறியது. தேன்மொழி சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுமுனையில் ஈரத்துணியின் மேல் இஸ்திரிப்பெட்டி நிதானமாகப் போய்வரும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.