வெயில் பார்த்த மணல்

“மேல்மண்ணை அள்ளிட்டு வந்து என் தலையில கட்டப் பாக்குறியா?” என்று எகிறினார் பேராசிரியர்.

மணல் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று சொல்லிவிடும் கருவி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய வறட்சியில் குவிந்த மணல்மேடு என்று மாதிரி எடுத்த மற்ற குழிகளெல்லாம் சொல்ல, ஒரு குழி மட்டும் ‘போன வருடம்’ என்றது.

“ஆளுயரம் தோண்டித்தான் எடுத்தேன் சார்,” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

“கிழிச்ச! கட்டுரை நாளைக்குப் போகணும். அந்தக் குழியையே விட்டுடு.”

“அவ்வளவு ஆழத்து மணல் வெயில் பாத்திருக்குன்னா, போன வருஷம் யாரோ தோண்டி மூடியிருக்கணும். அப்போ அங்க போனது நீங்களும் உதவிப் பேராசிரியரும் மட்டும்தானே சார்?”

“அந்த ஆளுதான் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு ஓடிட்டானே!”

“ஓடலை சார். நேத்து இன்னும் ரெண்டடி தோண்டிப் பாத்துட்டேன்.”