குழப்பப் பூட்டு

மூன்று நாள் கொழும்புப் பொலிஸில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் லெட்சுமணன் மாஸ்டர் மாத்தளைக்கு வந்து சேர்ந்திருந்தார். கையில் அடையாள அட்டை இல்லையென்று லாட்ஜில் சுற்றிவளைத்துப் பிடித்தார்களாம். தான் பேசிய சிங்களத்தைக் கேட்டுத்தான் விட்டார்கள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள், ஸ்டூடியோ முதலாளி கலந்தர் ஆள் அனுப்பிவிட்டார்.

“மாஸ்டர், உங்க பூட்ட யாரோ ஒடைச்ச மாதிரி இருக்கு.”

மாஸ்டர் சிரித்தார். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை யாரும் களவெடுக்கக் கூடாது என்று அவரே எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. பெயர் ‘குழப்பப் பூட்டு’. ஒரு சமன்பாடு தாறுமாறாக எண்களைக் கக்கும். அவற்றைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் கூட்டினால், முகமெல்லாம் மணலாகிவிடும். யாரும் பூட்டலாம். திறக்க மட்டும் இரகசிய எண் வேண்டும். அது தெரிந்தவர்கள் முதலாளியும் மாஸ்டரும்தான்.

“ஆயிரம் வருசம் ஒக்காந்தாலும் அதத் திறக்க ஏலாது மொதலாளி.”

“நான் நாலு நாளா புத்தளத்துல மவுத்து வீட்டுல, அடக்கத்துக்குப் போயிருந்தேன். போனும் பழுது. வந்து பார்த்தா போட்டோ பேப்பர் கொறையுது. கடையில இருந்தது நல்லம்மா மட்டும்தான். ஊர்ப் பொம்பளப் புள்ளைங்க நம்பி எடுத்த படமெல்லாம் இருக்கே மாஸ்டர்!”

நல்லம்மா அங்கே படங்களில் பருவையும் தழும்பையும் துடைக்கிறவள். அவள் சம்பளத்தில்தான் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு தங்கச்சிகள் படிக்கிறார்கள்.

மாஸ்டர் கம்ப்யூட்டரைத் தட்டினார். கடைசியாகப் பூட்டிய படத்தை எண் போட்டுத் திறந்தார். முழுக் கறுப்பு. கமெராவின் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறாள்.

மாஸ்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கறுப்பு என்றால் கம்ப்யூட்டருக்குப் பூச்சியம். பூச்சியத்தைப் பூட்டினால் மிஞ்சுவது அவருடைய குழப்ப எண்கள் மட்டும்தான், வரிசை குலையாமல். எல்லாப் படத்துக்கும் அதே வரிசைதான். அவர் வேறு வேறு சாவி போட மெனக்கெடவில்லை. அந்த வரிசையை எந்தப் படத்திலிருந்து கழித்தாலும் படம் வந்துவிடும்.

இதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை.

“எண்ணக் களவெடுத்திருக்கா,” என்றார்.

நல்லம்மாவைக் கூப்பிட்டார்கள்.

“மொதலாளி எண் போடுறத எட்டிப் பார்த்தியா?”

“இல்லீங்க மாஸ்டர்.”

“அப்ப எப்படித் திறந்த?”

அவள் மாஸ்டரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அதனால் அவசரப்பட்டார்.

“மொதலாளி, இவள இன்னைக்கே வேலையால நிப்பாட்டுங்க. நேர்மை இல்லாத ஆள வச்சுக்கிட்டு பூட்டு மட்டும் என்ன செய்யும்?”

கலந்தருக்கு மனசு வரவில்லை. “யார் படம்னு பார்த்துட்டு நிப்பாட்டுவோம்.”

கம்ப்யூட்டர் பதிவின்படி அவள் பிரின்ட் எடுத்தது இருநூற்றுப் பதினாலாம் இலக்கப் படம். கலந்தர் எண்ணைப் போட்டார். மணல் கலைந்தது. மாஸ்டரின் வழுக்கைத் தலை திரையில் வந்து நின்றது. புது அடையாள அட்டைக்கென்று போன மாதம் எடுத்த படம்.

“இது நீங்கதானே மாஸ்டர்?” என்றார் கலந்தர்.

மாஸ்டருக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

நல்லம்மா மெதுவாகச் சொன்னாள். “மாஸ்டரோட சம்சாரம் புஷ்பவதி அக்கா அழுதுக்கிட்டு வந்தாங்க. இவரு இன்னாருதான்னு போட்டோ ஒட்டுன கிராம சேவகர் கடிதம் இருந்தாத்தான் விடுவோம்னு பொலிஸ்ல சொல்லிட்டாங்களாம். வீட்டுல இருக்கிறது கல்யாணப் படம் மட்டும். அதுல மாஸ்டருக்குத் தல நெறைய முடி. மொதலாளிக்குப் போன் போகல. எண் தெரிஞ்ச மத்தவரு உள்ள இருந்தாரு. அதான் கழிச்சுப் பார்த்தேன். அங்கங்க புள்ளி விழுந்துச்சு, துடைச்சிட்டேன். அக்கா அத ஒட்டித்தான் கடிதத்தக் கொண்டுபோய்க் குடுத்தாங்க.”

“அட புள்ள! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க மொதலாளி. ‘பொலிஸ்ல வச்சிருந்தத அவரு தாங்கிக்குவாரு. பூட்டு ஒடைஞ்சது தெரிஞ்சா தாங்க மாட்டாரு’ன்னு.”