கண்ணாடிக்கு வெளியே

கடையில் வாங்கிய கப்பி மீனை வீட்டுக்காரர் உயிரோடு தொட்டிக்குள் விட்டார். அது பயந்துபோய்ச் செடிக்குள் ஒளிந்துகொண்டது. தொட்டியிலிருந்த பெரிய அரவானா மீன் அருகில் வந்தது.

"என்னைத் தின்னப் போறீங்களா?" என்றது கப்பி.

"எனக்குப் பசியில்ல. காலையிலதான் தீனி போட்டாங்க."

"அப்புறம் என்னை எதுக்கு விட்டாங்க?"

"பசி அவங்களுக்கு."

கப்பி திரும்பிப் பார்த்தது. கண்ணாடியை ஒட்டி வீட்டிலிருந்த எல்லா முகங்களும் இமைக்காமல் காத்திருந்தன.

அரவானா கப்பியைத் தொடவேயில்லை. "இது ஒண்ணுக்கும் ஆகாது" என்று வீட்டுக்காரர் விலகிப் போனார். கப்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் மூடி திறந்தது. அரவானாவைவிட நீளமான, பல் தெரிகிற மீனொன்று உள்ளே இறங்கியது. முகங்கள் மறுபடி கண்ணாடிக்கு வந்தன.

அரவானா செடிக்குள் நுழைந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றது கப்பியிடம்.