முன்வரிசையில் ஒரு ரசிகர்

மனிதரும் கணிப்பொறியும் பழகும் விதம், அதில் படம் வரையும் கலை என்று தணிகைவேல் பேசிய மாலையில், குரோம்பேட்டை மண்டபத்தில் போண்டா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் அசையவில்லை. இவர் ஒருவருக்காவது புரிந்தால் போதும் என்று தணிகைவேல் மைக்கை இறுகப் பிடித்தான்.

பெரியவர் கைதூக்கினார். “தம்பி, தெரியாதவங்க தப்பான பட்டனை அழுத்திட்டா?”

“தப்பு அவங்க மேல இல்ல சார். அதை வடிவமைச்ச என் மேலதான்.”

“மறுபடியும் அதையே அழுத்தினா?”

“கோச்சுக்காம திரும்ப வழி காட்டணும்.”

“பத்து வாட்டி?”

“நூறு வாட்டியானாலும் சார்.”

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தணிகைவேலுக்கு மெய்சிலிர்த்தது. மேடையிலிருந்து இறங்கி வந்து, “கம்ப்யூட்டர்ல நீங்க எந்த லைன் சார்?” என்றான்.

“நமக்குக் கீழ்க்கட்டளையில மரக்கடை. நீங்க பேசினது ஒண்ணும் புரியல. போன வாரம் உங்கம்மா ஒரு பொண்ணு போட்டோ காட்டினாங்களே, அவளுக்கு அப்பா நான். பையன் குணம் எப்படின்னு பாத்துட்டுப் போக வந்தேன்.”

தணிகைவேல் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“தப்பெல்லாம் தன் மேலதான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே மைக்ல ஒத்துக்கிட்ட ஆளை இப்பதான் பாக்கறேன். தையில முகூர்த்தம் வெச்சுக்கலாமா, மாப்ளே?”