வாடிக்கையாளர் பெயர்

மின்விசிறியைப் போட எழுந்த வக்கீலை முதலாளி கையமர்த்தினார். ஜலதோஷமாம்.

ஆகவே எல்லோரும் சேர்ந்து வியர்த்தார்கள். இந்தப் பக்கம் டோப்பா கம்பெனி முதலாளி, அவர் மைத்துனர், வக்கீல். அந்தப் பக்கம் அவள்.

டோப்பா என்ற சொல்லுக்கே கம்பெனியில் தடை. ‘சிகைக் கவசம்’ என்று சொல்ல வேண்டும். அங்கே வருஷக்கணக்கில் வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டவள், இப்போது வேலையை விட்டு, தன் வீட்டு முன்னறையில் கடை போட்டிருக்கிறாள்.

வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்தார். விலகினால் இரண்டு வருஷம் அதே தொழில் செய்யக் கூடாது. வாடிக்கையாளர் பெயரைச் சாகும்வரை சொல்லக் கூடாது.

இரண்டும் முதலாளியே யோசித்து எழுதியவை. பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்க்கிற அப்பா மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மைத்துனர் ஒரு புகைப்படத்தை மேஜையில் போட்டார். அத்தானுக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்த பிரம்மாஸ்திரம். அவள் வீட்டு ஜன்னல் வழியே எடுத்தது: மரத்தலை, அதன்மேல் புத்தம்புது ஆண் டோப்பா. காதோரம் நாலைந்து நரைகூட உண்டு.

குனிந்து பார்த்த முதலாளி நிமிர வெகுநேரம் ஆயிற்று.

சொந்தக்காரருக்குச் சும்மா செய்து கொடுத்தது என்றால் விட்டுவிடலாம், இல்லையென்றால் நாளைக்கே கடைக்குப் பூட்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றார் வக்கீல்.

அவள் முடிவோடுதான் படியேறி வந்திருந்தாள். கடையை மூடுவதில்லை. வாயைத் திறப்பதுமில்லை.

“சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். சொல்லலாம்னு முதலாளி ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே சொல்லிடறேன்.”

“சொல்லச் சொல்லுங்க அத்தான், மாட்டிக்கிட்டா,” என்று மைத்துனர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அத்தான் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெருந்தன்மையைப் பற்றிப் பேசலானார். கம்பெனி என்பது தாய்வீடு. வெளியே போய்ப் பிழைக்கிறவர்களை வாழ்த்தி அனுப்புவதே அதற்கு அழகு. இதே காரியத்துக்குப் போன வாரம் அவர் வைத்திருந்த பெயர் துரோகம்.

முதல் நிபந்தனையை அடித்துவிடச் சொன்னார். இரண்டாவதில் யாரும் கைவைக்கக் கூடாது, அதுதான் நிறுவனத்தின் உயிர்நாடி என்றார்.

மைத்துனருக்கு வாய் மூடவில்லை. வக்கீல் ஒன்றும் புரியாமல் அடித்துக் கொடுத்தார். அவள் நிதானமாகப் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்று ஒருமுறை திரும்பினாள். முதலாளியின் முகத்தை, கைவேலையைச் சரிபார்க்கிற கண்ணோடு பார்த்தாள். தன் இடது நெற்றியோரத்தை ஒரு விரலால் அழுத்திக் காட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

முதலாளி, சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக, அதே இடத்தில் அழுத்திக்கொண்டார்.