ஒரே ஒரு தாலாட்டு

“இனிமே டிஸ்கோ மட்டும்தான், காந்தி! நாலு விதமா பாட்டு போட்டா ஒண்ணுலயும் பேர் வராது” என்றார் கோதண்டம். ஸ்ரீபெரும்புதூரில் தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, கேசட் வெளியிடுகிறவர். தொழிற்சாலை ஆட்கள் தங்கும் லாட்ஜுக்கு மட்டுமே அவருடைய டிஸ்கோ கேசட் முப்பது போயிருந்தது. தாலாட்டு கேசட் மொத்தத்தில் ஒன்றே ஒன்றுதான் விற்றிருந்தது.

“எல்லாத்தையும் போடுய்யா. தாலாட்டை இன்னாத்துக்கு வுடுற?” என்றாள் மனைவி காந்திமதி.

“வித்தது ஒண்ணு! அதையும் எவன் தெரியாம வாங்கினானோ!”

அந்த நேரம் பார்த்து லாட்ஜிலிருந்து மோகன் வந்தான். “அண்ணே, ரூமுக்கு ஒண்ணுன்னு இன்னும் பத்து டிஸ்கோ குடுங்க.”

கோதண்டம் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். “தம்பி, அதுல ரெண்டாவது பாட்டு எப்படி?”

மோகன் தலையைச் சொறிந்தான். “அதை இன்னும் யாருமே கேட்டதில்லண்ணே. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து, படுத்துகினு போடுவோம். மொதப் பாட்டு முடியறதுக்குள்ள எல்லாரும் தூங்கிடுவோம்.”

காந்திமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கு என் தாலாட்டையே வாங்கியிருக்கலாமேப்பா! அது ஒண்ணே ஒண்ணுதான் வித்திருக்கு!” என்றார் கோதண்டம், பரிதாபமாக.

“அய்யோ, தூங்கறதுக்கு அது ஆவாதுண்ணே! அந்த ஒண்ணை வாங்கினதே நாங்கதான். சாயங்காலம் கம்பெனி பஸ் வர்றதுக்கு முன்னாடி வாட்ச்மேன் போடுவாரு. நீங்க ‘ஆராரோ’ன்னு ஆரம்பிச்சா போதும், மூணு மாடியும் அலறியடிச்சுகினு எழுந்துக்கும்!”